சேலஞ்சர் சுமந்துபோன செயற்கைக்கோள்: கொல்கத்தாவின் வானம், அன்றும் இன்றும்

1983 ஆகஸ்ட் 30, செவ்வாய்க்கிழமை. கல்கத்தாவில் பகல் மணி 12.02. டல்ஹௌசி சதுக்கத்து அலுவலகங்களில் மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே நேரம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பின்னிரவு 2.32. இடியும் மின்னலுமாக வந்த மழை பதினேழு நிமிடம் காக்கவைத்த பிறகு, கென்னடி விண்வெளி மையத்திலிருந்து சேலஞ்சர் விண்ணோடம் இருளைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. விண்ணோடம் ஒன்று இரவில் கிளம்பியது அதுவே முதல் முறை. எஸ்.டி.எஸ்.-8 என்பது அந்தப் பயணத்தின் பெயர். உள்ளே ஐந்து பேர். சரக்கறையில் இந்தியாவின் இன்சாட்-1பி.

நடுராத்திரியில் கிளப்ப வேண்டிய கட்டாயமும் அந்த இன்சாட்டால்தான் வந்தது. அதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் விண்ணில் விட வேண்டும் என்ற கணக்கே புறப்படும் வேளையை முடிவு செய்தது. ஐந்து அமெரிக்கர்கள் தூக்கத்தையும் உயிரையும் பணயம் வைத்து ஏற்றிய அந்தச் செயற்கைக்கோள் வங்காளத்தின் தலைநகரத்துக்கு என்ன செய்தது என்பதை இன்று அதிகம் பேர் பேசுவதில்லை. ராகேஷ் சர்மாவின் பயணம் நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எஸ்.டி.எஸ்.-8 இல்லை. ஆனால் வங்கக் கடலோரத்தில் வாழ்கிறவர்களின் அன்றாடத்தை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால், இந்த எஸ்.டி.எஸ்.-8 பயணம்தான் என்பேன். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிறவர்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

அன்று: கப்பலும் தந்தியும் சொன்ன புயல்

கல்கத்தா ஹூக்ளி ஆற்றங்கரை நகரம். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. நகரத்தில் நின்றால் அலைச் சத்தம் கேட்காது. ஆனாலும் புயலுக்கு அது தூரமில்லை. வங்கக் கடல் வடக்கே போகப் போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. தெற்கே பிறக்கும் புயல் தன் முன்னே தள்ளிவரும் நீருக்கு அங்கே பரந்து போக இடமில்லை. அது உயர்ந்து ஆற்று முகத்துவாரத்துக்குள் புகுந்துவிடும்.

1864 அக்டோபர் 5 அன்று அப்படித்தான் நடந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை கட்டறுந்து சிதறின. கல்கத்தாவிலும் அதைச் சுற்றிய தாழ்நிலங்களிலும் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர். அந்த அதிர்ச்சியிலிருந்துதான் இந்தியாவின் புயல் எச்சரிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டே கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. பிறகு பருவமழை பொய்த்துப் பஞ்சங்களும் வந்தன. 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் தலைமையகம் கல்கத்தாவிலேயே அமைந்தது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவர். தலைமையகம் பின்னாளில் சிம்லா, பூனா, டெல்லி என்று இடம் மாறிவிட்டாலும், அலிப்பூர் வானிலை அலுவலகம் இன்றும் அதே நகரத்தில் வேலை செய்கிறது. 'அலிப்பூர் என்ன சொல்கிறது?' என்பது மழைக்காலக் கொல்கத்தாவின் அன்றாடக் கேள்வி.

ஆனால் அலிப்பூரால் அன்று எவ்வளவு தூரம் பார்க்க முடிந்தது? கடலோர நிலையங்கள் காற்றழுத்தத்தையும் காற்றின் திசையையும் தந்தியில் அனுப்பும். நடுக்கடல் நிலவரம் கப்பல்கள் சொன்னால்தான் தெரியும். இதில் ஒரு கொடுமை இருந்தது. புயல் வருகிறது என்று எச்சரித்தால் கப்பல்கள் விலகி ஓடிவிடும். அப்படி ஓடினால் புயலுக்குள்ளிருந்து தகவல் சொல்ல ஒரு கப்பலும் இருக்காது. எச்சரிக்கை எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, அவ்வளவுக்கு அடுத்த எச்சரிக்கைக்கான தகவல் குறைந்தது. 1942 அக்டோபரில் மேதினிப்பூரைத் தாக்கிய புயலில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது போர்க்காலம், செய்தி வெளியே போகக்கூட தணிக்கை தடை போட்டது.

1960களில் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்கள் இந்தியாவுக்குக் கிடைக்கத் தொடங்கின. துருவங்களைச் சுற்றும் அந்தக் கோள்கள் ஒரு இடத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் படமெடுக்கும். நாளுக்கு ஓரிரு படம்தான். 1970களில் கிழக்குக் கரையில் புயல் ராடார்கள் வந்தன. அவை கரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர்வரைதான் பார்க்கும். காலையில் படத்தில் தெரிந்த மேகச்சுழல் ராத்திரிக்குள் எந்தப் பக்கம் திரும்பியது, வலுத்ததா, நலிந்ததா என்பது ராடார் எல்லைக்குள் வரும்வரை ஊகமாகவே இருந்தது.

தெரிந்தாலும் போதவில்லை. 1970 நவம்பர் 12 அன்று பக்கத்துக் கிழக்குப் பாகிஸ்தானை விழுங்கிய போலா புயலைச் செயற்கைக்கோள் பார்த்திருந்தது. தீவுகளில் தூங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு அந்தச் செய்தி உரிய விதத்தில் போய்ச் சேரவில்லை. மூன்று லட்சம் பேருக்கும் மேல் இறந்தார்கள். 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமாவில் பத்தாயிரம் பேர் போனார்கள். புயலை இடைவிடாமல் பார்க்க வேண்டும். பார்த்ததை உடனே மக்களிடம் சொல்லவும் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் ஒரே கருவியில் கட்டிவைத்த திட்டம்தான் இன்சாட்.

அன்று: ஐந்து பேரும் ஒரு கடைசி நம்பிக்கையும்

தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை மூன்றையும் ஒரே செயற்கைக்கோளில் ஏற்றுவது அக்காலத்துக்குத் துணிச்சலான யோசனை. பணக்கார நாடுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கோள் அனுப்பின. இந்தியாவிடம் அந்தக் காசு இல்லை. வடிவமைப்பை ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். முதல் கோளான இன்சாட்-1ஏ, 1982 ஏப்ரல் 10-இல் மேலே போனது. ஐந்து மாதம்கூட முழுசாக ஓடவில்லை. செப்டம்பரில் எரிபொருள் தீர்ந்து செயலிழந்தது. ஆகவே 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் சுமந்துபோனது இரண்டாவது முயற்சி. அதுவும் தோற்றிருந்தால் இந்தத் திட்டமே எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த ஐவரையும் நாம் பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும். தளபதி ரிச்சர்ட் ட்ரூலி, கடற்படை விமானி. விண்ணுக்கு அது அவருக்கு இரண்டாவது பயணம். விண்ணோடத்தை ஓட்டியவர் டேனியல் பிராண்டென்ஸ்டைன். பயண வல்லுநர்களில் ஒருவர் டேல் கார்ட்னர். இன்னொருவர் கயன் ப்ளூஃபோர்டு. வியட்நாம் போரில் பறந்த விமானி, விமானப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த இரவில் அவர் விண்ணுக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆனார். ஐந்தாமவர் மருத்துவர் வில்லியம் தார்ன்டன். 1967-இல் விண்வெளி வீரராகத் தேர்வானவர்; முதல் பயணத்துக்குப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார். 54 வயதில் போன அவர்தான் அதுவரை விண்ணுக்குச் சென்றவர்களில் மூத்தவர். எடையில்லாத நிலையில் வீரர்களுக்கு வரும் தலைசுற்றலையும் குமட்டலையும் ஆராய்வது அவருடைய வேலை.

இரண்டாம் நாளில் கார்ட்னரும் ப்ளூஃபோர்டும் இன்சாட்டை வெளியே அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். சரக்கறையில் தொட்டில் போன்ற அமைப்பில் இருந்த கோளை முதலில் பம்பரமாகச் சுழலவிட்டார்கள்; சுழன்றால்தான் அதன் திசை தடுமாறாது. பிறகு வில்கம்பிகள் அதை மெல்ல வெளியே தள்ளின. விண்ணோடம் பாதுகாப்பான தூரத்துக்கு விலகிக்கொண்டது. முக்கால் மணி நேரத்துக்குள் கோளோடு இணைந்திருந்த ராக்கெட் எரிந்து அதை உயரே அனுப்பியது. விண்ணோடம் பறந்தது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில். இன்சாட் போய்ச் சேர வேண்டியதோ 36,000 கிலோமீட்டர் உயரம். அங்கிருந்தால்தான் பூமியோடு ஒரே வேகத்தில் சுற்றி, இந்தியாவின் தலைக்கு மேல் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். மிச்சத் தூரத்தைக் கோளின் சொந்த இயந்திரம் கடக்க, கர்நாடகத்தின் ஹாசனில் இருக்கும் கட்டுப்பாட்டு நிலையம் அதை நடத்தியது.

செப்டம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சேலஞ்சர் இரவிலேயே தரையிறங்கியது. அதுவும் விண்ணோடங்களில் முதல் முறை. ஆறு நாள் பயணம் பழுதில்லாமல் முடிந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். பிறகு, விண்ணோடத்தைத் தூக்கிவிட்டுக் கடலில் விழுந்த திண்ம எரிபொருள் ராக்கெட்டை மீட்டுப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அதன் தாரைக் குழாயைக் காக்கும் மூன்று அங்குலக் கனமான உட்பூச்சு ஒரு இடத்தில் கிட்டத்தட்ட முழுவதும் எரிந்துபோயிருந்தது. இன்னும் சில நொடிகள் எரிந்திருந்தால் குழாய் பிய்ந்திருக்கும். ஐவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். இன்சாட்டும் போயிருக்கும்.

மேலே போன கோளும் உடனே கைக்கு வந்துவிடவில்லை. அதன் சூரியத் தகடு முழுவதும் விரியாமல் மாட்டிக்கொண்டது. சூரியத் தகடு விரியாவிட்டால் மின்சாரம் இல்லை. பொறியாளர்கள் நாள்கணக்கில் போராடி செப்டம்பர் நடுவில் அதை விரியவைத்தார்கள். அக்டோபரில் இன்சாட்-1பி வேலைக்கு வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு என்று செய்த கோள் அதையும் தாண்டி உழைத்தது.

அன்று: தெருவுக்கு வந்த உலகம்

இன்சாட்-1பி கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவற்றில் கண்ணுக்குத் தெரிந்தது தொலைக்காட்சிதான். கல்கத்தா தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 9-இல் டாலிகஞ்ச் ராதா ஸ்டூடியோவிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைப் பார்த்தவர்கள் நகரத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்தவர்கள் மட்டும். கோபுரத்தின் எல்லை முடியும் இடத்தில் நிகழ்ச்சியும் முடிந்துவிடும். இன்சாட் வந்தபிறகு ஒரு சிறிய ஒளிபரப்புக் கருவியும் ஒரு தட்டு ஆன்டெனாவும் இருந்தால் எந்த மாவட்ட நகரமும் தேசிய நிகழ்ச்சியைப் பிடித்து மறுஒளிபரப்ப முடிந்தது. 1984-இல் நாட்டில் ஒரு கட்டத்தில் நாளுக்கொன்று என்ற வேகத்தில் அத்தகைய நிலையங்கள் எழுந்தன.

1986 ஜூனில் மெக்சிகோவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. அங்கே நண்பகல் ஆட்டம், இங்கே இரவு 11.30. பாராக்களில், அதாவது வங்காளத் தெருப்பகுதிகளில், பெட்டி வைத்திருந்த வீட்டின் முன்னறையும் மன்றக் கட்டிடமும் நிரம்பி வழிந்தன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று இரண்டாகப் பிரிந்து கிடந்த நகரம் அந்த ராத்திரிகளில் டியேகோ மரடோனாவுக்கு ரசிகர் கூட்டமாக ஒன்றாகியது. மெக்சிகோ ஆட்டம் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் வழியே இந்தியா வந்தது. இங்கிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோனது இன்சாட். 2008-இல் மரடோனா நேரில் வந்தபோது நகரமே திரண்டது. உலகக் கோப்பை வந்தால் வடக்குக் கொல்கத்தா சந்துகளில் இன்றும் வெள்ளையும் வெளிர்நீலமுமாகக் கொடி கட்டுகிறார்கள். அந்தக் காதல் பிறந்தது 1986-இன் தொலைக்காட்சியில்.

கண்ணுக்குத் தெரியாத மாற்றம் அலிப்பூரில் நடந்தது. இன்சாட்-1பியின் கதிர்வீச்சுமானி என்ற கருவி வெளிச்சத்தில் மேகத்தைப் படமெடுத்தது. இருளில் மேகத்தின் வெப்பத்தைப் படமெடுத்தது. கண்ணால் காணும் ஒளியில் 2.75 கிலோமீட்டர், அகச்சிவப்பில் 11 கிலோமீட்டர் வரை நுணுக்கம். வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு ஒரு படம். புயல் நாட்களில் இன்னும் அடிக்கடி. படங்கள் டெல்லியில் பதப்படுத்தப்பட்டு முன்னறிவிப்பு மையங்களுக்குப் போயின. மேகச்சுருளின் வடிவத்தை வைத்துப் புயலின் வலிமையைக் கணிக்கும் டிவோராக் முறையை ராத்திரியிலும் விடாமல் பயன்படுத்த முடிந்தது. ஓடிப்போன கப்பலின் தகவலுக்குக் காத்திருக்கும் காலம் முடிந்தது.

பார்த்ததைச் சொல்லும் வேலையையும் அதே கோள் செய்தது. 1980களின் நடுவில் தமிழக, ஆந்திரக் கடலோரத்தில் செயற்கைக்கோள் வழி இயங்கும் எச்சரிக்கைப் பெட்டிகளை வைத்தார்கள். வானிலை மையத்திலிருந்து குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் சங்கை ஒலிக்கச்செய்து, அந்த ஊர் மொழியிலேயே எச்சரிக்கை சொல்ல முடிந்தது. தந்திக்கம்பி சாய்ந்தாலும் அந்தக் குரல் நிற்காது. 1990 மே மாதம் ஆந்திரத்தைத் தாக்கிய கடும் புயலில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. 1977-இல் அதே கரையில் பத்தாயிரம். முன்னரே தெரிந்ததால் லட்சக்கணக்கானோரை வெளியேற்ற முடிந்தது. இரண்டு எண்களுக்கும் இடையில் நிற்கும் காரணங்களில் ஒன்று, சேலஞ்சர் இறக்கிவிட்டுப்போன அந்தக் கோள்.

இடையில்: திரும்பி வராதவர்கள்

இன்சாட்-1சியையும் விண்ணோடமே ஏற்றுவதாக இருந்தது. இந்த முறை அதோடு ஒரு இந்தியரும் போவார் என்று முடிவானது. இஸ்ரோவின் பி. ராதாகிருஷ்ணன், என்.சி. பட் இருவரையும் 1985-இல் தேர்வு செய்தார்கள். ஒருவர் பறப்பார், மற்றவர் மாற்று. 1986 ஜனவரி 28 அன்று, எஸ்.டி.எஸ்.-8 பறந்த அதே சேலஞ்சர், கிளம்பி 73 நொடிகளில் வானில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். காரணம் திண்ம எரிபொருள் ராக்கெட்டின் மூட்டில் இருந்த வளையம். 1983-இல் தாரைக் குழாயில் மயிரிழையில் தப்பிய ஆபத்து, அதே வகை ராக்கெட்டின் வேறொரு இடத்தில் வந்து நின்றது. அதன்பின் விண்ணோடத் திட்டத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு வந்தது ரிச்சர்ட் ட்ரூலியிடம்தான். பின்னர் அவர் நாசாவின் தலைவரும் ஆனார். ராதாகிருஷ்ணனும் பட்டும் பறக்கவே இல்லை. இன்சாட்-1சி 1988-இல் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போனது.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா, தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் உடைந்தது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஆறு தோழர்களும் போனார்கள். நான்கு நாள் கழித்து இந்தியா ஒரு முடிவெடுத்தது. 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ஏற்றிய மெட்சாட் என்ற வானிலைச் செயற்கைக்கோளுக்கு 'கல்பனா-1' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வங்கக் கடலின் மேகங்களை நாட்டுக்குக் காட்டியது அந்தப் பெயர்தான். விண்ணோடத்தில் உயிர் கொடுத்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

2011 ஜூலையில் அட்லாண்டிஸ் கடைசியாகத் தரையிறங்கியது. விண்ணோடங்களின் காலம் முடிந்தது.

இன்று: நாம் கட்டி, நாம் ஏற்றியது

இன்று வங்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவை இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் போன்ற கோள்கள். இரண்டையும் இஸ்ரோ கட்டியது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏற்றியது. 3டிஆர் 2016 செப்டம்பர் 8-இல் போனது. 3டிஎஸ் 2024 பிப்ரவரி 17-இல் போனது. இன்சாட்-1பியின் எடை சுமார் 1,150 கிலோ. 3டிஎஸ் 2,274 கிலோ. பழைய கோளுக்கு இரண்டு அலைவரிசைகளில்தான் பார்வை. புதியவற்றுக்கு ஆறு, ஒளியில் ஒரு கிலோமீட்டர் நுணுக்கம். தவிர, காற்றடுக்கின் வெப்பத்தையும் ஈரத்தையும் உயரம் உயரமாக அளக்கும் தனிக் கருவி உண்டு. இரண்டு கோள்கள் மாறி மாறிப் படமெடுப்பதால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் கிடைக்கிறது. அந்தப் படம் அலிப்பூர் அதிகாரியின் மேசையோடு நிற்பதில்லை. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் தமிழ்க் குடும்பத்தலைவியும் கைபேசியில் அதையே பார்க்கிறார்.

2020 மே மாதம் இது முழுமையாகச் சோதிக்கப்பட்டது. ஆம்பன் புயல் 16-ஆம் தேதி தென்கிழக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாக உருவானது. 18-ஆம் தேதி சூப்பர் புயலாக வலுத்தது. 1999 ஒடிஷா புயலுக்குப் பிறகு வங்கக் கடலில் அந்த அளவு வந்தது அதுவே முதல் முறை. வானிலைத் துறை நாலு நாளைக்கு முன்பே மேற்கு வங்கக் கரையைக் கைகாட்டியது. ஊரடங்கின் நடுவே, கொரோனா பயத்தோடு, வங்காளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு மாற்றினார்கள். 20-ஆம் தேதி மாலைக்கு முன் சுந்தரவனத்தில் கரை கடந்த புயல், மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது. டம்டம் விமான நிலையத்தில் காற்று 130-ஐத் தாண்டியது, ஓடுபாதை ஏரியானது. காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகங்கள் வெள்ளத்தில் மிதந்தன. சிவ்பூர் தாவரவியல் பூங்காவின் பேராலமரம் காயப்பட்டது. நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை.

ஆனாலும் மேற்கு வங்கத்தில் உயிரிழப்பு நூற்றுக்குள் நின்றது. ஒவ்வொரு உயிரும் பெரிதுதான். 1864-இன் 60,000-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலும் அதுவே, கரையும் ஏறத்தாழ அதுவே. மக்கள்தொகை பல மடங்கு. இத்தனை பேரைக் காப்பாற்றியதில் மேலிருந்து பார்த்த கோளுக்கும், அதை நம்பிக் கிராமம் கிராமமாகக் கதவு தட்டிய ஊழியர்களுக்கும் பங்குண்டு.

மனிதரை அனுப்புவதிலும் இரவல் வண்டிக் காலம் முடியப்போகிறது. ககன்யான் திட்டத்துக்கு நான்கு விமானப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் அமெரிக்க விண்கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் போய், ஜூலையில் திரும்பினார். ராதாகிருஷ்ணனும் பட்டும் உட்காராத இருக்கை, நாற்பது ஆண்டு கழித்து நமக்குக் கிடைத்தது. அடுத்தது நாமே கட்டிய கலத்தில் இருக்கும் இருக்கை.

இன்று: தரையில் முடியாத வேலை

இத்தோடு நிறுத்திவிட்டால் கதை இனிப்பாக முடியும். உண்மை அவ்வளவு இனிப்பில்லை. மேலே நடந்த மாற்றத்தின் வேகத்துக்குக் கீழே எதுவும் மாறவில்லை.

கொல்கத்தாவுக்கும் கடலுக்கும் நடுவே நிற்பது சுந்தரவனம். அங்கே தீவுகளைக் காப்பது சுமார் 3,500 கிலோமீட்டர் நீளக் கரை. பெரும்பகுதி வெறும் மண்ணால் போட்டது. 2009 மே 25 அன்று அய்லா புயல் வந்தது. ஆம்பனைவிடக் காற்று குறைவுதான். ஆனால் கரைகள் உடைந்து உப்பு நீர் வயலுக்குள் புகுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைவிட நீண்ட துன்பம் பின்னால் வந்தது: உப்பேறிய நிலம் சில ஆண்டுகளுக்கு நெல் தரவில்லை. இளைஞர்கள் குடும்பத்தை விட்டு வேலை தேடிக் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கிளம்பினார்கள். சென்னையில் கட்டிட வேலையிலும் திருப்பூரில் பின்னலாடை வேலையிலும் நாம் பார்க்கும் வங்காளத் தொழிலாளிகளில், உப்பு தின்ற வயலை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆம்பன் வந்தபோது அதே கரைகள் மறுபடி உடைந்தன. அடுத்த ஆண்டே யாஸ் புயலோடு வந்த அலை மிச்சத்தையும் உடைத்தது. கோராமாரா தீவு ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வருகிறது.

முன்னறிவிப்பு உயிரைக் காக்கும்; வயலை அதனால் தூக்கி வேறிடத்தில் வைக்க முடியாது. மாட்டைக் கட்டியிருக்கும் கொட்டிலையும், வலை காயும் முற்றத்தையும், உப்பில்லாத குளத்தையும் காப்பது கரையும் அலையாத்திக் காடும்தான். அலையாத்தி அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதன் பின்னால் இருக்கும் மண்கரை நிற்கிறது. காட்டை வெட்டிய இடத்தில் கரை முதலில் போகிறது. ஆம்பனுக்குப் பிறகு அலையாத்திக் கன்றுகளைக் கோடிக்கணக்கில் நடப்போம் என்று மாநில அரசு அறிவித்தது. நட்டதில் எவ்வளவு பிழைத்து மரமாகிறது என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் உள்ள நமக்கும் அதே கேள்விதான். கஜா புயல் 2018 நவம்பரில் வந்தபோது எச்சரிக்கை சரியாகவே வந்தது. முகாம்களும் உயிர்களைக் காத்தன. தஞ்சை, நாகை, புதுக்கோட்டையின் தென்னந்தோப்புகளைக் காக்க எதுவும் இருக்கவில்லை.

என் முடிவு

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வரியில் கேட்டால் இதுதான்: 1864-இல் கல்கத்தாவுக்குப் புயல் வந்தபிறகே தெரிந்தது, 1983-க்குப் பிறகு வருவதற்கு முன்பே தெரிந்தது, இன்று நான்கு நாள் முன்பே, கைபேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. இந்த நீண்ட பாதையில் எஸ்.டி.எஸ்.-8 ஒரு பெரிய படி. ட்ரூலியும் கார்ட்னரும் தார்ன்டனும் இன்று இல்லை. அவர்களும் பிராண்டென்ஸ்டைனும் ப்ளூஃபோர்டும் நம் நாட்டவர் இல்லை. ஆனால் சில நொடி வித்தியாசத்தில் உயிர் தப்பி நம் கடலுக்கு ஒரு காவலை வைத்துவிட்டுப் போனவர்கள். ராகேஷ் சர்மாவையும் கல்பனா சாவ்லாவையும் சொல்லித்தரும் பள்ளிகள், இந்த ஐந்து பெயர்களையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

விண்ணில் நம் பங்கை நாம் செய்துவிட்டோம். கேட்டு வாங்கிய கோளிலிருந்து சொந்தக் கோளுக்கு வந்தாயிற்று. இனிப் பணமும் கவனமும் போக வேண்டிய இடம் சுந்தரவனத்தின் கரைகளும், நம் கடலோரத்து அலையாத்திக் காடுகளும், கதவு திறக்கும் நிலையில் இருக்கும் புயல் காப்பகங்களும். செயற்கைக்கோள் ஏவும்போது கைதட்டும் நாம், உடைந்த கரையைக் கட்டாத அரசிடமும் அதே சத்தத்தோடு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த புயலுக்கு எச்சரிக்கை வரும்போது தயங்காமல் கிளம்புங்கள். அதற்கு முன்னால் ஒரு அமைதியான நாளில், உங்கள் ஊரின் கரையும் காப்பகமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.